மறு: பைக்குழல் (பேக்பைப்) பாகங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் – டிரோனுக்கு 'ஒத்து' போதுமா?

> டிரோன் = சுருதிக்குழல், ரீட் = சீவாளி என்று முடித்துவிடலாமே?

டிரோன் என்பது ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் குழல். அதற்குச் சுருதிக்குழல் வேண்டாம், சுருதி சேர்க்க ஊதிப் பார்க்கும் சிறு குழலுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. நாகசுரத்தோடு ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் ஒத்து இருக்க, வேறு எதற்கு? ஆனால் வெறும் ஒத்து போதாது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைக்குழலில் டெனார் டிரோன் இரண்டு, பேஸ் ஒன்று. விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழலான சான்ட்டரின் கீழ் 'ஏ' சுரத்தைச் சட்ஜமாக வைத்தால் டெனார் ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் இரண்டு ஸ்தாயி கீழே. ஆக, மந்தர ஒத்து, அனுமந்தர ஒத்து. பேஸ் இல்லாத பழைய கருவியை 'மந்தர ஒத்து 2' என்று குறித்தாலே விளங்கும்.

காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீட் விஷயத்தில் கவனம். சான்ட்டரில் இருப்பது சீவாளிதான்: இரண்டு நாணல் தகடுகளைச் சிறு உலோகக் குழாயில் நூல் சுற்றிக் கட்டியது. டிரோனில் இருப்பது மகுடி இனம்: ஒரே நாணல் துண்டு, ஒரு முனையை அடைத்து, பக்கத்தில் நாக்கு கீறி, அதன் அடியில் நூற்கட்டு. கட்டை நாக்கின் நுனிப் பக்கம் நகர்த்தினால் அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறும், காற்றும் குறைவாகக் குடிக்கும். மீறித் தள்ளினால் நாக்கு அடைத்துக்கொள்ளும். இதற்கு 'நாக்குத்தட்டை' என்பது என் முன்மொழிவு.

———

நாக்குத்தட்டைக்கு என் ஓட்டு. சான்ட்டர் 'பண்குழல்' ஆகட்டும்.

சேகரிப்போருக்கு இன்னும் சில சொற்கள் வேண்டும். டிரோன்மேல் கடைந்த நெருக்கமான கோடுகள் 'சீப்புவரி'. மூன்று ஒத்திலும் வரிகளின் ஆழமும் இடைவெளியும் ஒன்றா என்று பாருங்கள்; ஒரு துண்டு மட்டும் மாறினால் பெரும்பாலும் அது பின்னால் சேர்த்தது. பண்குழலோ பழைய கருவிகளில் அடிக்கடி மாற்றப்பட்டிருக்கும். இன்றைய பைக்குழல் குழுக்கள் கீழ் 'ஏ'யை 475–480 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டன, பழைய துளையளவு அதற்கு வளைந்து கொடுக்காது. எனவே 'மூலப் பண்குழல்', 'மாற்றுப் பண்குழல்' இரண்டும் பட்டியலில் தனித்தனியே வர வேண்டும்.

பூண்களில் 'வெள்ளைப்பூண்' என்று மழுப்பக் கூடாது. குறுக்குமுகத்தில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் தந்தப்பூண். சீரான இணைகோடுகள் என்றால் தந்தம் போலச் செய்த பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டாக இருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாடை வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், செல்லுலாய்டு குபீரென்று பற்றும். 2022 ஜூனில் நடப்புக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டப்படி, 1975-க்கு முந்தைய இசைக்கருவியில் தந்தம் கன அளவில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான், அதுவும் பதிவு செய்த பிறகே, விற்கலாம்.

———

பூண் சரி. ஊதுகுழலின் அடியில், பைக்காற்று வாய்க்குத் திரும்பாமல் மடங்கி அடைக்கும் தோல் வால்வு? 'மூச்சுத்தடுக்கி' தவறு, மூச்சை அது உள்ளே விடத்தானே செய்கிறது. 'மறிதோல்' என்று யோசித்தேன். அச்சில் ஒரு 'த்' ஏறினால் ஆட்டுக்குட்டித் தோலாகிவிடும். ஆட்டுத்தோல் பைகளும் இருப்பதால் வம்பு. 'தடுக்கிதழ்' எப்படி?