மறுமொழி: கலோரிக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் தேவை)

அனைவருக்கும் வணக்கம். அளவறிந்து சாப்பிடுவது பற்றிய சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கலோரி பார்க்கலாம், அதுவே பித்தாகிவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மூன்று இடங்களில் நிற்கிறேன்: கலோரி, அதை எண்ணுவது, செலவைவிடக் குறைவாக உண்பது. வெள்ளி மாலை கொடுத்தாக வேண்டும்.
– ந.

இலத்தீனில் வெப்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது கலோரி. நம்மிடம் கனல் இருக்கும்போது கடன் எதற்கு? 'கனலி' என்று வையுங்கள்.
– இரா.

கனலி என்றால் ஞாயிறு, ஐயா! நாளைக்கு 2000 ஞாயிறு சாப்பிடச் சொல்வதா? வள்ளுவரே சொல் தந்திருக்கிறார்: "தீயளவன்றித் தெரியான் பெரிதுண்ணின்" (947). பரிமேலழகர் வயிற்றுத் தீ என்றே உரை எழுதுகிறார். தீ + அளவு, நடுவில் யகர உடம்படுமெய், முடிந்தது. 'அள்' என்ற வேரிலிருந்துதான் உப்பளமும் கடலைக் குறிக்கும் அளக்கரும் வந்திருக்கும் என்பது என் ஊகம். தனி மடலில் விரிக்கிறேன்.
– செ.

விரிக்க வேண்டாம்! குறள் சொல்வது வயிறு தாங்கும் அளவு. கலோரி உணவில் உள்ள ஆற்றல். ஒரு கிலோ நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படுவது ஒரு கிலோகலோரி, அதாவது ஏறக்குறைய 4.184 கிலோஜூல். உணவுப் பேச்சில் நாம் கலோரி என்று சுருக்குவது இதைத்தான். வகுப்பில் போய் 'கிலோதீயளவு' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
– மு.

பண்புத்தொகையாகப் பிரித்தால் 'தீய அளவு' என்றும் வரும். உணவைக் குற்றமாகப் பார்க்காதே என்று சொல்லும் கையேட்டில் இது வேண்டாம். நோயாளிகளிடம் பேசுகிற எனக்கு 'எண்ணல்' என்பதும் உறுத்துகிறது. எண்ணுவது நினைப்பதும்தானே, நாள் முழுக்க அதே நினைப்பாக இருப்பவர்களைத்தான் நான் இறக்கிவிடப் பார்க்கிறேன். அதோடு, ஒன்று விடாமல் எண்ண இதில் துல்லியமும் கிடையாது. கொழுப்புக்குக் கிராமுக்கு 9, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 என்பவை சராசரிகள். 'கணக்கு' என்றால் உத்தேசக் கணக்குக்கும் இடமிருக்கிறது. மூன்றாவதற்குப் 'பற்றாக்குறை' என்றால் பஞ்சம், 'ஆற்றல் குறைவு' என்றால் சோர்வு. 'கலோரிக் குறைப்பு' போதும். கூடவே 'மிதமான' என்று ஒரு அடை போடுங்கள், பட்டினி கிடந்துவிடப் போகிறார்கள்.
– வ.

எண்ணும் எழுத்தும் கண் என்ற மொழியில் எண்ணலே நோயாகிவிட்டதா, அம்மா? சரி, கணக்கு இருக்கட்டும். கனலியை மட்டும் விடமாட்டேன். பேருந்து என்றபோதும் இப்படித்தான் சிரித்தார்கள்.
– இரா.

பேருந்தைப் பார்த்தாலே புரியும், ஐயா. கலோரியைக் கண்ணால் பார்க்க முடியாதே. கலோரி, கலோரிக் கணக்கு, மிதமான கலோரிக் குறைப்பு என்று அனுப்புகிறேன். நால்வர் சம்மதம், அதில் செ. அரை மனதோடு.
– ந.

அரை மனதுகூட இல்லை. அளக்கர் மடல் நாளை வரும்.
– செ.