‘டேபிள்’ செய்தார்கள் என்றால் எடுத்தார்களா, கிடப்பில் போட்டார்களா?

ஒரு நிறுவனத்தின் பழைய கூட்டக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வினைச்சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். 1968, லண்டன், உறுப்பினர்களில் பாதிப் பேர் ஆங்கிலேயர், பாதிப் பேர் அமெரிக்கர். ஒன்பதாம் பக்கத்தில், நீண்ட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் ‘டேபிள்’ செய்யப்பட்டது என்றிருக்கிறது.

பிரிட்டனில் இதற்குப் பொருள் விவாதத்துக்கு முன்வைப்பது. நம் சட்டமன்றத்தில் அறிக்கையை அவையில் வைப்பதும் அந்த வழிதான். அமெரிக்காவிலோ நேர்மாறு: மேசையில் வைத்தால் கிடப்பில் போட்டதாகப் பொருள். மேசை ஒன்றுதான், அவர்கள் எடுக்க வைக்கிறார்கள், இவர்கள் மறக்க வைக்கிறார்கள்! இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் வெகுநேரம் வாதாடி, கடைசியில் இருவரும் ஒன்றையே விரும்பியது தெரியவந்ததாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

அகராதிகள் இரு பொருளையும் தருகின்றன. தேர்வு என் தலையில். அடுத்த கூட்டத்தின் குறிப்பு கோப்பில் இல்லை. அனுப்பியவர்களைக் கேட்டால், “உள்ளபடியே போடுங்கள்” என்கிறார்கள். தட்டச்சு செய்தவரின் எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் முறை. ‘கலர்’ என்ற சொல்லில் ‘யூ’ இருக்கிறது. ஆனால் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்கர். விவாதம் முடிந்த பிறகு ‘முன்வைத்தார்கள்’ என்பதும் உதைக்கிறது.

கூட்டக் குறிப்புகளை மொழிபெயர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இந்த இடத்தில் ‘முன்வைக்கப்பட்டது’ என்று எழுதுவீர்களா, ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்றா?