மறுமொழி: ‘கிறாஷ்’ – ஒரு சொல் போதாது

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் கணினிச் சொற்பட்டியலுக்கு ‘கிறாஷ்’ (crash) என்பதன் தமிழ்ச் சொல்லைத் தேடும் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘செயலிழப்பு’ எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதே. அதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

எல்லா இடத்துக்கும் பொருந்துவதுதான் அந்தச் சொல்லின் குறை. புது வரைகலை அட்டை (கிராபிக்ஸ் காட்) பூட்டிய கணினியை வைத்து இதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் என் கணினித் திருத்த வேலையில் இந்தக் குழப்பம் அதிகம் இடறுவது அங்கேதான்.

கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர் “கேம் விளையாடேக்கை கிறாஷ் ஆகுது” என்பார். அதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். துருவிக் கேட்டால்தான் உள்ளது வெளிவரும். ஒருவருக்குப் படம் அப்படியே நிண்டுபோகும், சத்தம் மட்டும் ஒரே துண்டாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒருவருக்குத் திரை ஒருக்கால் கறுத்துவிட்டுத் திரும்பி வரும். இன்னொருவருக்குப் பிழை அறிவிப்போடு நீலத்திரை. வேறு சிலருக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் முழுக் கணினியும் டக்கென்று ஓஃப். நாலுக்கும் வைத்தியம் வேறு. நாலையும் ‘செயலிழப்பு’ என்று எழுதிவைத்தால், படிக்கிற பிள்ளை எல்லாவற்றுக்கும் டிரைவரை (அட்டையை இயக்கும் மென்பொருளை) அழித்து அழித்துப் பூட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாகச் சொன்ன ‘டக்கென்று ஓஃப்’ பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். எங்கள் சொற்பட்டியலில் பெயரே இல்லாமல் கிடப்பது அதுதான். தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை, அட்டைக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். பவர் சப்ளையிலிருந்து அட்டைக்கு வரும் 8 முனை இணைப்பு ஒன்று 150 வாட். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு சராசரியைத்தான் சொல்கிறது. விளையாட்டில் காட்சி மாறும்போது மைக்ரோ செக்கன் கணக்கில் அதைவிட எவ்வளவோ கூடுதலாக அட்டை இழுக்கும். பழைய பவர் சப்ளை இதைக் குறுஞ்சுற்று (ஷோர்ட்) என்றோ மிகைச் சுமை என்றோ எடுத்துக்கொண்டு தன்னைத் தானே நிறுத்திவிடும், வீட்டில் ட்ரிப் சுவிச் விழுவதுபோல. 2022இல் வந்த ஏரிஎக்ஸ் 3.0 விதி, பவர் சப்ளை தன் வரையறுத்த வலுவின் (power) இரண்டு மடங்கை 100 மைக்ரோ செக்கனுக்குத் தாங்கவேண்டும் என்று கேட்டது இதனால்தான். ஆகவே 650 வாட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து “வாட் காணும்தானே” என்று விட்டுவிட முடியாது. ஒரே கேபிளின் இரண்டு கிளையையும் அட்டையில் செருகியிருந்தால், முதல் வேலையாக இரண்டு தனிக் கேபிள்களாக மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு அட்டையின் வலு வரம்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஓஃப் ஆவது நின்றால் சந்தேகம் பவர் சப்ளையில் நன்றாக இறுகும்.

இந்த ‘டக்கென்று ஓஃப்’புக்கு இழையில் ஓர் அண்ணை ‘வலுவிழப்பு’ என்று எழுதியிருந்தார். கருத்துச் சரி, ஆனால் இலங்கையில் ‘வலுவிழந்தோர்’ என்பது மாற்றுத்திறனாளிகளைக் குறித்துப் பழகிய சொல். அது இங்கே வரவேண்டாம். ‘மின்துண்டிப்பு’ என்றால் ஊர் முழுக்கக் கறண்ட் போனதாகப் படும். இங்கே சுவரில் 230 வோல்ற் இருக்க, கணினியின் உள்ளேதான் வலு அறுகிறது. ஆகவே என் முன்வைப்பு ‘வலுவறுகை’. தொடுகை, வருகை போல -கை ஈற்றில் நிற்கும், வினையாகவும் வளையும்: “விளையாடும்போது வலுவறுகிறது.”

சென்னை நண்பர் ஒருவர் ‘வலு’வுக்குப் பதில் ‘திறன்’ என்று வைக்கச் சொல்கிறார். தமிழ்நாட்டுப் பௌதிகப் பாடத்தில் அது சரி. எங்கள் பாடநூல்களில் வலு என்றால் வாட்டில் அளப்பது, வினைத்திறன் என்றால் விழுக்காட்டில் சொல்வது. பவர் சப்ளை பற்றிப் பேசும்போது இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும். ‘திறன்’ இரண்டு பக்கமும் இழுபடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த மைக்ரோ செக்கன் பாய்ச்சலுக்கு ‘கணவுச்சம்’ என்று ஒருவர் எழுதினார். சொல்லிப் பார்த்தால் ‘கனவு’ என்று கேட்கிறது. துடிப்பு ஏற்கெனவே எங்கள் பௌதிகத்தில் இருக்கிற சொல். ‘உச்சத்துடிப்பு’ என்றால் விளக்கமே வேண்டாம்.

நீலத்திரைக்கு வருகிறேன். ‘நீலத்திரை மரணம்’ வேண்டவே வேண்டாம். அங்கே எதுவும் சாவதில்லை. தரவு கெடாமல் இருக்க, விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை தானே முடிவெடுத்து நிற்கிறது. 2025இல் மைக்ரோசொவ்ற் விண்டோஸ் 11இல் அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டதால் நிறமும் உதவாது. ‘தன்னிறுத்தம்’ என்பது என் தெரிவு. வரைகலை அட்டையோடு அடிக்கடி வரும் தன்னிறுத்தக் குறி (பிழை எண்) 0x116. அட்டை 2 செக்கனுக்குள் மறுமொழி தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீள எழுப்பப் பார்க்கும், எழும்பாவிட்டால் இந்தக் குறியோடு நிற்கும். எழும்பிவிட்டால்தான் திரை கறுத்துத் திரும்பி வருவது. அதை ‘இயக்கி மீள்வு’ என்று வைக்கலாம், இயக்கி என்றால் டிரைவர். இந்த இரண்டுக்கும் பழைய டிரைவரை முழுதாகத் துடைத்துப் புதிதாகப் பூட்டுவது, நினைவகத்தை வழமையான வேகத்துக்கு இறக்குவது, வெப்பத்தைப் பார்ப்பது எல்லாம் பொருத்தமான வைத்தியம். படம் நிண்டுபோவதற்கு ‘உறைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம்.

பெயர் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு விண்டோஸ் நிகழ்வுப் பதிவேடே சாட்சி. ‘கேர்னல் பவர் 41’ என்ற வரியைப் பார்த்ததும் பலர் பவர் சப்ளை வாங்க ஓடுகிறார்கள். அந்த வரி சொல்வது, கணினி ஒழுங்காக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பது மட்டுமே. உறைந்த கணினியை நீங்களே பொத்தானை அழுத்தி நிறுத்தினாலும் அதே 41 விழும். உள்ளே இருக்கும் பிழைக்குறியைப் பார்க்கவேண்டும். அது பூச்சியம் என்றால் வலுவறுகை அல்லது உறைவு. 278 என்றால் தன்னிறுத்தம், 0x116இன் தசம வடிவம்தான் அது. மூன்று தமிழ்ச் சொல்லும் கையில் இருந்தால் இதை ஒரு பிள்ளைக்கு இரண்டு வரியில் விளங்கப்படுத்தலாம். ‘செயலிழப்பு’ மட்டும் இருந்தால் எப்படிச் சொல்வது?

> திருத்துநர்கள் எப்படியும் ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

சொல்லட்டும், நானும் வாயால் ‘ஓஃப் ஆகிட்டுது’ என்றுதான் சொல்வேன். ஆனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பெட்டி ஏன் நிற்கிறது என்பதைத் தமிழில் எழுத முடியாது என்று என்னால் ஏற்கமுடியவில்லை.

உச்சத்துடிப்பு, தன்னிறுத்தம் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மாற்றலாம். ‘வலுவறுகை’க்கு மறுப்பு வந்தால், அதன் இடத்தில் வைக்கும் சொல்லையும் சேர்த்து அனுப்புங்கள். ‘இயக்கி’யா ‘செலுத்தி’யா என்பதைத் தனி இழையில் பேசுவோம், அது பெரிய கதை.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து