ரெசிஸ்டன்ஸ்: ‘எதிர்ப்பு’ போதுமா, ‘கேளாமை’ பொருந்துமா?

அனுப்புநர்: கால்நடை மருத்துவர், கோத்தகிரி

குழுவினருக்கு வணக்கம்.

மாடு, ஆடு, கோழி வளர்ப்போருக்கு இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. முதல் வரியிலேயே முட்டுக்கட்டை. ‘ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்’, அதாவது ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காமல் கிருமி பெருகும் தன்மை. அதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று எழுதினால் யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று தெரியவில்லை. ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்’ என்று சுருக்கினால் பொருளே தலைகீழாகிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். ‘எதிர்ப்புத் திறன் கூடி வருகிறது’ என்று படிப்பவர் மாட்டுக்கு நல்லது நடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மலையில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது: ‘மடிநோய்க்கு ஊசி போட்டும் கேட்கலை’, ‘அந்த மருந்துக்கு இது கேட்காது’. இதிலிருந்தே ‘மருந்து கேளாமை’, ‘மருந்து கேளாக் கிருமி’ என்று சொல் எடுக்கலாமா?

---

அனுப்புநர்: நுண்ணுயிரியல் ஆய்வகம், குன்னூர்

> மடிநோய்க்கு ஊசி போட்டும் கேட்கலை

டாக்டர், சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வழக்கில் கேட்காமல் போவது நோய். நாம் சொல்ல வருவது கிருமியின் குணம். இரண்டும் ஒன்றல்ல.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவால் வரும் மடிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால், போட்ட அதே மருந்தில் பல முறை கிருமி சாகும். மாட்டில் சாகாது. மடித் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளில் பதுங்குகிறது, வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கிறது, மருந்து போதிய அளவில் அங்கே போய்ச் சேர்வதில்லை. நோய் கேட்கவில்லை, கிருமி கேட்கும் வகைதான். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் போட்டாலும் ‘கேட்கலை’ என்றுதான் சொல்வார்கள். அங்கே கேட்பதற்குப் பாக்டீரியாவே இல்லை.

அளவு குறைந்தாலும் இதே பேச்சுதான். எடையைக் கண்ணால் மதிப்பிடுவது பெரிய தவறு. நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவு 66, நீளம் 58 என்றால் 383 கிலோ. மி.லி.க்கு 200 மி.கி. உள்ள, நெடுநேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 38 மி.லி. வேண்டும். 300 கிலோ என்று நினைத்து 30 மி.லி. போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதற்காக 38 மி.லி.யையும் ஒரே இடத்தில் இறக்கக் கூடாது. ஓரிடத்துக்கு 10 மி.லி.க்கு மேல் போனால் தசை வெந்து போகும், மருந்தும் ஒழுங்காக ஏறாது.

ஆகவே ‘கேளாமை’ ஏற்கத்தக்கதுதான். ஆனால் பக்கத்தில் ‘கிருமி’ எப்போதும் நிற்க வேண்டும். ‘மருந்து கேளா மாடு’, ‘மருந்து கேளா நோயாளி’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது.

---

அனுப்புநர்: தமிழாசிரியர், கொடைக்கானல்

ஐயா, அம்மா, இலக்கணப் பக்கம் சில சொற்கள்.

‘கேளா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும். ‘கேளாக் கிருமி’ சரி, ‘கேளா நுண்ணுயிர்’ என்பதில் மிகாது. ‘மருந்து கேளாமை’ என்பதை ‘மருந்தைக் கேட்டு வாங்காமை’ என்றும் பிரிக்க இடமிருக்கிறது. பெயராக வரும்போது ‘கு’ உருபு தொக்கிநிற்கட்டும். வாக்கியத்தில் வரும்போது விரித்தே எழுதுவோம்: ‘இக்கிருமி டெட்ராசைக்ளினுக்குக் கேளாது’. மயக்கம் தீரும்.

மற்ற சொற்களையும் எடைபோட்டேன். ‘மருந்தெதிர்ப்பு’ செய்தித்தாள்களில் வருகிறது, சுருக்கமானது. ஆனால் மருந்தே வேண்டாம் என்போரின் கொள்கை போலவும் ஒலிக்கிறது. ‘அடங்காமை’யில் ஒழுக்கக்கேட்டின் சாயல் உண்டு. ‘மசியாமை’ பேச்சுக்கு அழகு, அறிக்கைத் தாளில் நிற்காது. ‘தாங்குதிறன்’ எனக்குப் பிடித்திருந்தது. அதை ஏன் நீங்கள் யாரும் எடுக்கவில்லை?

ஒரு கவலை. காது கேளாதோரைக் குறிக்கும் சொல்லோடு இது உரசுகிறது. நாளை யாராவது தலைப்புக்காகச் ‘செவிட்டுக் கிருமி’ என்று எழுதினால் அது மனிதரைப் புண்படுத்தும். துண்டறிக்கையில் காதுப் படம், காது உவமை எதுவும் வேண்டாம்.

---

அனுப்புநர்: நுண்ணுயிரியல் ஆய்வகம், குன்னூர்

> ‘தாங்குதிறன்’ எனக்குப் பிடித்திருந்தது

ஐயா, அந்தச் சொல் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. மருந்து இருக்கும்போதே பெருகினால் அது ரெசிஸ்டன்ஸ். பெருகாமல், ஆனால் சாவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டால் அது டாலரன்ஸ்; வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு அங்கே மாறுவதில்லை. ‘தாங்குதல்’ அதற்கே பொருத்தம்.

காதுப் படம் வேண்டாம் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன்.

‘எதிர்ப்பு’ என்பதை நான் கைவிடுவதற்குக் காரணம் ஆய்வக அறிக்கை. அங்கே ஒற்றைச் சொல் போதாது, நேர்ச்சொல்லும் எதிர்ச்சொல்லும் இணையாக வேண்டும். ‘எதிர்க்கும்’ என்பதற்கு எதிரே எதை எழுதுவது? ‘எதிர்க்காது’ என்பது ஏதோ சமரசம் போலிருக்கிறது. ‘கேட்கும் – கேளாது’ என்றால் படித்தவுடன் எந்த மருந்தை எடுப்பது என்று தெரிகிறது.

அறிக்கையில் இது எப்படி வரும் என்று பாருங்கள். ஒரே வகைக் காலனிகள் (தட்டில் புள்ளிகளாக வளர்ந்த கிருமிக் கூட்டங்கள்) நாலைந்தைத் தொட்டு உப்புக் கரைசலில் கலக்கி, கலங்கலை அளக்கும் மெக்ஃபார்லண்டு அளவுகோலில் 0.5க்குக் கொண்டுவருகிறோம், இ.கோலை என்ற குடல் பாக்டீரியா என்றால் மி.லி.க்குச் சுமார் 15 கோடி கிருமி. 15 நிமிடத்துக்குள் முல்லர் ஹிண்டன் அகார் என்ற, கிருமி வளர்க்கும் கூழ் 4 மி.மீ. தடிப்பில் உள்ள தட்டில் மூன்று திசையிலும் தேய்த்து, மருந்து வில்லைகளை வைத்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம். 10 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றி வளர்ச்சியற்ற வட்டம் 17 மி.மீ. அல்லது மேலே என்றால் ‘கேட்கும்’, 13 அல்லது கீழே என்றால் ‘கேளாது’. இடையில் 14 முதல் 16 வரை ‘இடைநிலை’.

அந்த இடைநிலைக்கு, இந்தச் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் 2019இல் விளக்கத்தையே மாற்றிவிட்டது: மருந்து கூடுதலாகப் படும்படி செய்தால் கேட்கும் என்று. தமிழில் ‘கூட்டினால் கேட்கும்’ என்று போட்டால் பொருள் அப்படியே இறங்குகிறது. ‘எதிர்ப்பு’ வழியில் இதைச் சொல்ல எனக்கு வழி கிடைக்கவில்லை.

சொல் சரியாக இருந்தும் முடிவு பொய்யாகும் இடங்களும் உண்டு. அகார் தடித்தாலோ கலங்கல் கூடினாலோ வட்டம் சுருங்கி, கேட்கும் கிருமி ‘கேளாது’ ஆகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வில்லைக் குப்பியை உடனே திறந்தாலும் அப்படியே. ஈரம் படிந்து மருந்து வலுவிழக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அகார் மெலிந்தால் நேர்மாறு, அதுதான் இன்னும் ஆபத்து.

---

அனுப்புநர்: காய்கறி விவசாயி, கேத்தி

வணக்கம். கேட்கும், கேளாது ரெண்டும் எங்களுக்குப் புரியுது. வேறொரு இடத்துலதான் குழப்பம். கீழ்நாட்டுலேர்ந்து லாரியில வர்ற கோழி எருவுல இருக்கிறது மருந்தா, மருந்து கேளாக் கிருமியா? மக்க வச்சா எது போகும், எது போகாது? கேரட்டைப் பச்சையாத் திங்கிறாங்க, அதான் கேக்கறேன்.

---

அனுப்புநர்: நுண்ணுயிரியல் ஆய்வகம், குன்னூர்

அண்ணா, இரண்டும் இருக்கலாம். அதனால்தான் இரண்டு சொல் வேண்டும். கோழிக்குக் கொடுத்ததில் சிதையாமல் எருவில் மிஞ்சிய மருந்து ‘மருந்தெச்சம்’. அந்த மருந்துக்கு நடுவே பிழைத்துப் பெருகியது ‘கேளாக் கிருமி’. மூன்றாவதாக, கிருமி செத்த பிறகும் சாணத்தில் கிடக்கும் ‘கேளாமை மரபணு’. சில மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறிக் கிருமிக்குக் கிருமி கைமாறும். கோலிஸ்டினுக்குக் கேளாமை தரும் எம்.சி.ஆர்.-1 அப்படிப்பட்டது; 2015இல் சீனாவில் பன்றி, இறைச்சி, நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் இருப்பதாக வெளியிட்டார்கள். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான மருந்து அது. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினைத் தடைசெய்தது.

மக்க வைப்பதில் சூடுதான் கணக்கு. நீளக் குவியலாகப் போட்டால் உள்ளே 55 டிகிரி செல்சியஸ் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. காய்ந்த புல், மரத்தூள் சேர்க்காவிட்டால் அம்மோனியா நாற்றம் கிளம்பிச் சத்துதான் போகும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். நம் மலையில் மார்கழிப் பனியில் சின்னக் குவியல் சூடே ஏறாது. ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம், மேலே மூடாக்கு, குவியல் நடுவே கம்பி வெப்பமானி. ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரவே புரட்டுகிறோம். புரட்டாத ஓரத்தில் கிருமி அப்படியே இருக்கும்.

இப்படிச் செய்தால் கிருமி பெருமளவு சாகும், டெட்ராசைக்ளின் எச்சம் நன்றாகக் குறையும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை எளிதில் சிதையாது. மரபணுவில் ஒரு பகுதி மிஞ்சலாம். மக்காத எரு இட்டால், மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைவரை 120 நாள் இடைவெளி என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கேரட்டின் வயதே ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே விதைப்பை ஒட்டி மக்காததைப் போட்டால் இடைவெளி போதாமல் போகலாம்.

இன்னொன்று. செம்பு மருந்து தெளிக்கும் மண்ணில், செம்பைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக் கேளாமை மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் இருந்தால், ஆன்டிபயாடிக் இல்லாமலே செம்பு அந்தக் கிருமியை நிலைக்க வைக்கும். இதற்கு ‘உடன்தெரிவு’ என்று பெயர் வைக்கலாமா, ஐயா?

---

அனுப்புநர்: கால்நடை மருத்துவர், கோத்தகிரி

எல்லாருக்கும் நன்றி. துண்டறிக்கையில் ‘ஆன்டிபயாடிக்’ அப்படியே இருக்கும். அதைத் தமிழாக்கப் போனால் ‘எதிர்ப்பு’ மறுபடி உள்ளே வந்துவிடும். வரைவின் தொடக்கம் இது:

“ஆன்டிபயாடிக் போடப் போட, அதற்குக் கேட்கும் கிருமி சாகும், கேளாக் கிருமி மிஞ்சிப் பெருகும். மாட்டின் உடம்புக்கு மருந்து பழகிவிடுவதில்லை. மாறுவது கிருமிக் கூட்டம்.”

இரண்டாவது வரியைச் சேர்த்ததற்குக் காரணம், ‘மருந்து பழகிப்போச்சு’ என்ற பேச்சு ‘கேட்கலை’யைவிடப் பரவலானது, அது தவறான பொருளைத் தருகிறது.

பிறவியிலேயே கேளாதவைக்குப் ‘பிறவிக் கேளாமை’ என்று எழுதியிருக்கிறேன். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே இல்லை, பெனிசிலின் தாக்குவதோ சுவர் கட்டும் வேலையை. மைக்கோபிளாஸ்மாவால் வரும் ஆட்டு நுரையீரல் நோயில் பெனிசிலின் போடுவது வீண். பிறகு வந்து சேர்ந்தது ‘பெற்ற கேளாமை’.

மருந்தெச்சத்துக்குத் தனிப் பெட்டி. லேபிளில் உறுதிசெய்த நாள் இல்லாவிட்டால் 2012ஆம் ஆண்டு விதிப்படி பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் ஒதுக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்தெச்சம் முழுதும் போகாது என்பதும் அந்தப் பெட்டியில் உண்டு. பாலில் எச்சம் இருந்தால் தயிர் உறையாது என்று ஒரு வரி எழுதிப் பிறகு திருத்தினேன்: ஊட்டிக் குளிரில் நல்ல பாலே உறையத் தாமதமாகும். மருந்து போடாத மாட்டுப் பாலையும் அதே உறையோடு, அதே சூட்டில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். அப்போதும் உறைந்துவிட்டதாலேயே எச்சம் இல்லை என்று ஆகாது.

> ‘உடன்தெரிவு’ என்று பெயர் வைக்கலாமா

‘தெரிவு’ நல்ல சொல்தான், ஆனால் இங்கே ‘தெரிகிறது’ என்றே படிப்பார்கள். ‘தேர்வு’ என்றால் பரீட்சை. தமிழாசிரியர் ஐயா இதற்கு ஒரு வழி சொல்லும்வரை அந்தப் பத்தியைச் சொல்லில்லாமல், முழு வாக்கியமாகவே விட்டிருக்கிறேன்.