இழை: ஃபிளை ஃபிஷிங், புளூகில், சன்ஃபிஷ் – வியாழன் இரவுக்குள் சொல் வேண்டும்

க., நேப்பர்வில், இலினாய்:

வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகிறோம். ஃபிளை ஃபிஷிங் (ஃபிளை என்கிற போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது) சொல்லித்தர ஒரு பெற்றோர் வருகிறார். பிடிக்கப்போவது புளூகில்லும் அதன் சன்ஃபிஷ் உறவுகளும். புளூகில் இலினாயின் மாநில மீன் என்பதால் பாடத்திலும் சேர்த்துவிட்டேன். இரண்டு பக்கத் தாள், வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். வரைவில் ஈ மீன்பிடிப்பு, நீலச்செவுள், சூரியமீன் என்று போட்டிருக்கிறேன். முதல் சொல்லைப் பார்த்ததுமே ஒரு பையன், "ஈ எப்படி டீச்சர் மீன் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டான். உதவுங்கள்.

செ., கும்பகோணம்:

அம்மா, பையன் கேட்டது நல்ல இலக்கணக் கேள்வி. அந்தத் தொடரில் ஈ எழுவாயாகவும் நிற்கிறதே. "ஈத்தூண்டில்" என்று எழுதுங்கள். தீப்பெட்டி, பூக்கூடை போல ஒற்று மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒரு உறுத்தல். ஈ என்றால் கொடு என்றும் பொருள். "ஈத்துவக்கும் இன்பம்" படித்த காதுக்கு ஈத்தூண்டில் ஏதோ கொடை போலக் கேட்கும். வள்ளுவரிடமே வழி இருக்கிறது. 931ஆம் குறளில் "தூண்டிற்பொன்" என்கிறார். பொன் அங்கே இரும்பு, இரைக்குள் ஒளிந்திருக்கும் முள். ஃபிளை என்பதும் இறகுக்குள் ஒளிந்த முள்தானே? ஆகவே ஃபிளைக்கு "ஈப்பொன்" என்பேன்.

ம., டொராண்டோ:

செ. ஐயா, ஈப்பொன் என்றால் எங்கட பிள்ளைகள் நகைக்கடை விளம்பரம் என்று நினைப்பார்கள்.

வ., ஆன் ஆர்பர், மிச்சிகன்:

தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் நடுவில் வருகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனம் தரும். அதை வீசினால் நரம்பு பின்னாலேயே ஓடும். இதில் தலைகீழ். நுனியில் இருப்பது இறகும் மயிரும் நூலும் சுற்றிய முள், ஊதினால் பறந்துவிடும். கனம் முழுக்கக் கயிற்றில். அந்தத் தடித்த கயிற்றைத் தலைக்குப் பின்னால் நீள விரித்து, பிறகு முன்னால் விரிக்கிறோம்; நுனியில் உள்ளது அதோடு போய் உட்காருகிறது. புளூகில்லுக்கு 3 அல்லது 4 எண் கோல் போதும். 4 எண் என்பது கோலின் எடை இல்லை, அதற்குப் பொருந்தும் கயிற்றின் கணக்கு: முதல் 30 அடி 120 கிரெயின், அதாவது 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம், கோடை முடிகிற நேரத்தில் நுனியில் ஈயே இருக்காது. கரைப்புல்லில் இருந்து வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு எல்லாம் காற்றில் நீரில் விழும். நாங்களும் அதே உருவில் நுரைரப்பரில் செய்து போடுவோம். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கரையோரத்தில் மேலேறி வந்து எடுக்கும். வெயில் ஏறிவிட்டால் பெரிய மீன்கள் நீர்ச்செடிகளின் வெளி ஓரத்தில் 8, 10 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது மெல்ல மூழ்கும் நிம்ஃப்தான், அதாவது நீர்ப்பூச்சியின் இளம்பருவ உருவில் செய்த ஃபிளை. வாய் ரொம்பச் சின்னது, 10 அல்லது 12ஆம் எண் முள் வேண்டும் (எண் ஏற ஏற முள் சிறுக்கும், இதையும் தாளில் எழுதிவிடுங்கள்). இத்தனைக்கும் பொதுவாக "பொய்ப்பூச்சி" என்று சொல்லலாம்.

ப., மதுரை:

வ. தம்பி எழுதியதைப் படித்த பிறகும் ஈயைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டுமா? இந்த முறையின் உயிர் எறிவதில் இருக்கிறது. குறுந்தொகை 54 பாருங்கள். கவண் ஒலிக்கு வெருண்ட யானை கைவிட்ட மூங்கில் "மீன் எறி தூண்டிலின்" நிமிர்கிறது. அந்த உவமைக்காகவே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் வந்தது. ஃபிளை கோலும் நெடுங்காலம் பிளந்த மூங்கிலில் செய்ததுதான். கழை என்றாலே மூங்கில். "எறிகழை" என்று சொல்லிப் பாருங்கள்! வீச்சுவலையை ஒப்புக்கொண்ட தமிழுக்கு எறிகழை உறுத்துமா?

செ., கும்பகோணம்:

உறுத்தும். அங்கே எறிதல் வீசுதல் அன்று, மீனைப் பிடித்தல். மீனைப் பற்றிய தூண்டில் மேலே எழும்புவதுபோல் மூங்கில் எழும்புகிறது. கயிற்றை முன்னும் பின்னும் வீசுகிற காட்சி அந்தப் பாட்டில் இல்லை. மேலும் தூண்டில் என்பது தூண்டு என்பதிலிருந்து வந்தது. இரையே இல்லாமல் மீனைத் தூண்டுகிற இதுதான் முழுத் தூண்டில். புழு கோத்ததெல்லாம் ஊட்டில்.

ம., டொராண்டோ:

ஊட்டில்! அதையாவது வைத்துக்கொள்வோம்.

நீலச்செவுளுக்கு வருவோம். எங்கட பாடப்புத்தகத்தில் செவுளுக்குப் பூ என்றுதான் படித்தோம். அப்படிப் பார்த்தால் நீலப்பூ மீன். அழகாகத்தான் இருக்கு, ஆனால் மீன் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வ., ஆன் ஆர்பர்:

எந்தச் சொல்லானாலும் பிழைதான். செவுள் சிவப்பு; நீலம் தெரிவது கன்னத்தின் கீழும் செவுள் மூடியின் ஓரத்திலும். மூடியின் பின்னால் காது மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது, பிள்ளைகள் அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். லெப்போமிஸ் என்ற பேரினப் பெயருக்கும் செதில் போர்த்த மூடி என்றுதான் பொருள்.

செ., கும்பகோணம்:

அப்படியானால் நீலக்கதுப்பன். கதுப்பு கன்னம்.

ப., மதுரை:

சங்கத்தில் கதுப்பு கூந்தல். நீலக்கூந்தல் மீனா?

ர., சென்னை:

பெரியவர்கள் மன்னிக்கவும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த திலாப்பியாவுக்கு எந்தக் குழுவும் பெயர் வைக்கவில்லை. மீன்காரர்களே ஜிலேபி ஆக்கினார்கள், இன்று எந்தச் சந்தையிலும் அதுதான் பெயர். புளூகில் அப்படியே இருக்கட்டும். நாலு பேர் வாயில் புழங்கினால் தானாகவே "புளுகில்" ஆகிவிடும். தூண்டில்காரர்கள் சொல்லும் அளவுக்கும் பொருந்தும்.

திலாப்பியா என்றதும் நினைவுக்கு வருகிறது: 1960இல் சிகாகோ மேயர் ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குப் பரிசாகக் கொடுத்த மீன் இந்தப் புளூகில்தான். அவர் மீனியல் ஆய்வாளரும்கூட. அது பிவா ஏரிவரை பரவி உள்ளூர் மீன்களை நெருக்கியது. 2007இல், அப்போது பேரரசராக இருந்த அவரே அதற்காக வருந்திப் பேசினார். க. அக்கா பள்ளியும் சிகாகோ பக்கம்தானே, தாளில் இரண்டு வரி போடலாம்.

க., நேப்பர்வில்:

போடுகிறேன், ர. ஆனால் இன்று புதன். சன்ஃபிஷ்?

செ., கும்பகோணம்:

ஞாயிற்றுமீன்.

ம., டொராண்டோ:

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு மாதிரி இருக்கு ஐயா.

ப., மதுரை:

சூரியமீனும் ஆகாது. மீன் என்றால் விண்மீனும்தான். சூரியன் என்கிற நட்சத்திரம் என்று ஒரு பிள்ளை எழுதினால் மதிப்பெண் கொடுத்தே ஆகவேண்டும். கடலில் மோலா மோலா என்ற பெரிய சன்ஃபிஷ் வேறு இருக்கிறது, அதற்கும் இதற்கும் உறவில்லை. கதிர்மீன் எனலாம்.

ர., சென்னை:

கதிர் என்றால் நெல் நினைவு வராதா?

க., நேப்பர்வில்:

வியாழன் மாலை. முடிவு இப்படி. ஃபிளை ஃபிஷிங்: ஈத்தூண்டில் (ஆதரவு நான்கு, அதில் இரண்டு "சரி, போதும்" என்று வந்த மடல்கள்). ஃபிளை: பொய்ப்பூச்சி. புளூகில்: புளூகில். உறவு மீன்களில் பூசணிவிதை (பம்ப்கின்சீட்), செங்காது (ரெட்இயர்) இரண்டுக்கும் யாரும் சண்டை போடவில்லை, நன்றி. சன்ஃபிஷ் வரும் வரியையே எடுத்துவிட்டேன். "புளூகில்லும் அதன் உறவு மீன்களும்" என்று எழுதினால் வேலை முடிகிறது.

ப., மதுரை:

ஈத்தூண்டிலின் முனையில் ஈ இல்லை, வெட்டுக்கிளி உருவில் ஒரு பொய்ப்பூச்சி. தலைப்பு ஒன்று, படம் ஒன்று. அந்தப் பையன் மறுபடியும் கேட்பான். எறிகழைக்கு என் ஒரு வாக்கைப் பதிந்துவையுங்கள். வீச்சுத்தூண்டில் என்றாலும் இறங்கி வருவேன், ஈக்கு மட்டும் வரமாட்டேன்.

வ., ஆன் ஆர்பர்:

எல்லா வீச்சும் வீச்சுத்தானே ஐயா, ஈயக்குண்டு கட்டி வீசுவது உட்பட. நான் ஈத்தூண்டிலுக்குக் கை தூக்கியது பிடித்து அல்ல. சனிக்கிழமை பிள்ளைகள் கையில் தாள் இருக்க வேண்டும்.

செ., கும்பகோணம்:

நிம்ஃபை யாருமே தொடவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். கிரேக்கத்தில் அது நீர்நிலைகளில் உறையும் பெண்தெய்வம். நம்மிடம் அணங்கு இருக்கிறது.

க., நேப்பர்வில்:

ஐயா, தாள் அச்சுக்குப் போய்விட்டது. தனி இழை தொடங்குங்கள்.