ஊரடங்குக் காலத்துத் தோட்ட லயம்: உங்கள் அன்றாடம் எப்படி மாறியது?

கேள்வி (ஹட்டன்):
கொரோனா பரவலால் 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது நகரத்தார் வீட்டுக்குள் அடைந்திருந்தனர். தேயிலைத் தொழிலுக்கு விலக்களிக்கப்பட்டதால் நாங்களோ கொழுந்துக்கூடையுடன் மலையேறினோம். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் வரிசை வீடான லயத்தில் ஒரு மீட்டர் இடைவெளியை எவ்வாறு கடைப்பிடித்தீர்கள்?

பதில் (பொகவந்தலாவை):
இடைவெளி, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் மட்டுமே இருந்தது. அங்கே சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிறுத்தப்பட்ட பெண்கள், மாலையில் தண்ணீர் விழும் பீலியடியில் குடங்களோடு தோளுரச நின்றார்கள். மேட்டில் ஏறும்போது வியர்வையில் நனைந்த முகக்கவசம் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அம்மா அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் கொழுந்து பறிப்பார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஐயாவின் தலை தெரிந்தால் கவசம் மேலேறும்!

பதில் (பதுளை):
எனக்கு மறக்காதது அரசின் 5000 ரூபாய் நிவாரணக் கொடுப்பனவுதான். எங்கள் லய அறையான காம்பரா ஒன்றில் அண்ணன் குடும்பமும் நாங்களுமாக இரண்டு அடுப்பு எரிந்தும், இலக்கம் ஒன்றே என்பதால் ஒரு குடும்பமாகவே எழுதிக்கொண்டார்கள். கொழும்புக் கடையில் வேலையிழந்து திரும்பிய தம்பியின் பெயரோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

பதில் (நுவரெலியா):
பாடசாலை மூடியதும் பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. சிக்னலுக்காக மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியோடு கோயிலுக்கு மேலுள்ள பாறையில், மழைக்குக் கொங்காணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.