40 வீட்டு டெலிவரிக்கு ரூட் சாஃப்ட்வேர் வேணுமா?

மளிகைக்கடை:
காரைக்குடியில் சின்ன சூப்பர் மார்க்கெட் நடத்துறேன். ரெண்டு டாடா ஏஸ். தினமும் 40, 45 வீட்டுக்குச் சாமான் போகுது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஒரு பக்கம்; புதுவயல், கண்டனூர் இன்னொரு பக்கம். போன வாரம் ஒருத்தர் ரூட் போடுற சாஃப்ட்வேர் கொண்டுவந்து காட்டினார். எந்த வண்டி, எந்த வீடு, எந்த வரிசைன்னு அதுவே சொல்லுமாம். வண்டிக்கு இவ்வளவுன்னு மாச வாடகை. நம்ம பழைய டிரைவர், "எதுக்கு மொதலாளி வீண் செலவு, எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு"ங்கிறார். வாங்கலாமா?

கணக்கன்:
யோசிக்காம வாங்குங்க அண்ணே. 10 வீட்டுக்குப் போற வரிசையை 36,28,800 விதமா மாத்திப் போடலாம். 15 வீடுன்னா 1.3 லட்சம் கோடி. அவர் தலைக்குள்ள இதுல எத்தனை இருக்கு? 1959-லயே டான்ட்சிக், ராம்சர்னு ரெண்டு பேர் பெட்ரோல் பங்குகளுக்கு லாரி அனுப்புற கணக்கா இதை எழுதிட்டாங்க. நாம இன்னும் துண்டுச்சீட்டுல கிடக்கோம்.

பின்வாசல்:
தம்பி, அந்த லட்சம் கோடியையும் உங்க சாஃப்ட்வேர் ஒண்ணொண்ணா எண்ணிப் பார்க்காது. அதுவும் குத்துமதிப்பாத்தான் நல்ல வழியா ஒண்ணு பிடிக்குது. நானும் அதைத்தான் செய்றேன், 12 வருஷமா, இதே ஊர்கள்ல.

நான் முன்னாடி வேலை பார்த்த கடையில ஒரு தடவை இதைப் போட்டுப் பார்த்தாங்க. பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீடு. மேப் புள்ளி முகப்புல குத்தி நிக்குது. கதவுல பூட்டு. நம்ம செட்டிநாட்டு வீடுதான் தெரியுமே, ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல். நடுவுல வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டித்தான் அடுப்படி. ஆச்சி போன்ல, "பின்னால வாப்பா, முன்னால யாரு இருக்கா"ங்குது. அந்த வரிசை வீடுகளைச் சுத்திப் பின்தெருவுக்கு வந்தா, குறுக்கே மணல் லாரி. 25 கிலோ அரிசி மூட்டை ரெண்டையும் தோள்லதான் கொண்டு போனேன். செல்போன்ல மட்டும் "சேர்ந்தாச்சு"ன்னு பச்சை டிக்.

இன்னொண்ணு, இங்கே விலாசம்னா கதவு நம்பர் கிடையாது. வீட்டோட இனிஷியல். அந்த ரெண்டு மூணு எழுத்தைச் சொன்னா ஊரே வழி காட்டும். மேப்புக்கு அது தெரியுமா?

கணக்கன்:
தெரியாது. ஒரு தடவை சொல்லிக்கொடுத்தா மறக்காது. புள்ளியைப் பின்வாசலுக்கு நகர்த்தி வச்சா முடிஞ்சது.

லாபம் எங்கேன்னு சொல்றேன். 1964-ல கிளார்க், ரைட்னு மான்செஸ்டர்க்காரங்க ஒரு முறை சொன்னாங்க. கடையிலிருந்து புதுவயல் போய்த் திரும்பி, மறுபடி கண்டனூர் போய்த் திரும்புறதுக்குப் பதிலா, ரெண்டையும் ஒரே நடையில சேர்த்தா எவ்வளவு கிலோமீட்டர் மிச்சம்? எந்த ஜோடியில மிச்சம் அதிகமோ அதை முதல்ல சேர். வண்டி கொள்ளுற வரைக்கும் இப்படியே சேர்த்துக்கிட்டே போ. அவ்வளவுதான்.

பின்வாசல்:
புதுவயலையும் கண்டனூரையும் சேர்க்கச் சொல்ல மான்செஸ்டர்லேர்ந்து ஆள் வரணுமாக்கும். ரெண்டும் ஒட்டின ஊரு.

கண்டனூர் மருமகள்:
நடுவுல ஒரு வார்த்தை. எனக்கு டீசல் கணக்கு தெரியாது. காலையில 9 மணிக்குக் கேட்ட தேங்காயும் தயிரும் 12 மணிக்கு வருது. அதுக்குள்ள சமையலே முடிஞ்சிருது. எந்த டிரைவரா இருந்தா என்ன, எந்த சாஃப்ட்வேரா இருந்தா என்ன?

கணக்கன்:
அக்கா சொல்றதுதான் விஷயமே. இந்த வீட்டுக்கு 10 மணிக்குள்ள, அந்த வீட்டுக்குச் சாயங்காலம்னு நேரமும் சேர்ந்துட்டா கணக்கு ரொம்பக் கடினம். மளிகைக்கடை, கூகுள் மேப்பே போதும்னு நினைக்காதீங்க. அதுல 10 நிறுத்தம் வரை சேர்க்கலாம், ஆனா நீங்க போட்ட வரிசையிலயேதான் கூட்டிட்டுப் போகும். வரிசையை மாத்தித் தர்றதுக்குத்தான் தனி சாஃப்ட்வேர்.

பின்வாசல்:
நேர விஷயம் நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் கிளம்புறப்போ அந்த ரோட்டுல எத்தனை மணிக்கு வண்டி நுழையலாம்னு யார் சொல்வா? பாதி வழியில அது வரிசையை மாத்தினா என்ன ஆகும்? கடைசி வீட்டுச் சாமானை முதல்ல ஏத்தியிருப்பேன், உள்ளே அடியில கிடக்கும். நடுரோட்டுல எல்லாத்தையும் இறக்கி ஏத்தணுமா?

கணக்கன்:
ஏத்தின பிறகு மாத்தக் கூடாதுன்னு பூட்டி வைக்கலாம். ஊர்வலம்னா அந்த ரோட்டை அன்னிக்கு மூடி வைக்கலாம். யாராவது போடணும், அவ்வளவுதான்.

பின்வாசல்:
அந்த "யாராவது" நான்தானே தம்பி. அதைத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சுச் சொல்றேன். முந்தின கடையில ஆறு மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலையும் நான்தான் குத்திக் கொடுத்தேன். எந்த வீட்ல நாய், எந்த ஆச்சி மத்தியானம் தூங்கும், வாட்ச்மேன் எப்போ டீக்கடையில இருப்பான், எல்லாம். எல்லாம் ஏறின அடுத்த மாசம், பாதிச் சம்பளத்துக்கு ஒரு பையன் வந்தான். செல்லைப் பார்த்து ஓட்டினான். நல்லாத்தான் ஓட்டினான், பொய் சொல்ல மாட்டேன்.

கணக்கன்:
அது சாஃப்ட்வேர் பண்ணின தப்பு இல்லையே அண்ணே.

பின்வாசல்:
அதுமேல நான் பழி போடலையே.

மளிகைக்கடை:
இன்னிக்கு டிரைவரை உட்கார வச்சுப் பேசினேன். இதைப் படிச்சும் காட்டினேன், சிரிச்சுக்கிட்டார். கண்டனூர் வண்டிக்கு மட்டும் ஒரு மாசம் பார்க்கப் போறோம். அவர் குத்திக் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் சம்பளம் போக தனியா காசு. ரூட்டை அவர் திருத்தினா அவர் சொல்றதுதான் முடிவு. சாஃப்ட்வேர்க்காரர்கிட்ட, முன்வாசல், பின்வாசல்னு ரெண்டு புள்ளி போட இடம் இருக்கான்னு கேட்டேன். "ஒரு வீட்டுக்கு எதுக்கு சார் ரெண்டு வாசல்?"ங்கிறார்.